எட்டாவது காரணம்

தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு, யாராவது வந்து திறக்கட்டும் என்று அவள் வாசலில் நின்றாள். கைப்பையில் சாவி இருந்தது. இருந்தும் தட்டினாள். நாலு வருஷமாக ஊரார் கதவுகளில் தட்டிப் பழகிய தட்டு அது. மூன்று தரம், கொஞ்சம் பொறுத்து இரண்டு தரம். கடன்காரன் தட்டுகிற மாதிரியும் இருக்கக் கூடாது, சொந்தக்காரன் தட்டுகிற மாதிரியும் இருக்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மணி பதினொன்றேகால். உள்ளே வெறுங்கால் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"வரேன், வரேன்... தட்டாதீங்க, அப்பா தூங்குறாங்க."

அடக்கிய குரலில் சொன்னது மகள். கதவு திறந்தது. அம்மாவின் பழைய நைட்டியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் மூத்திரக் குடுவையும் தோளில் ஈரத்துண்டுமாகப் பதினைந்து வயதுப் பெண் நின்றாள். காலை ஆறே முக்காலுக்கு அம்மா வேலைக்குக் கிளம்பும்போது இதே பெண் சீருடையில், கண்ணாடி முன்னால் நின்று ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! நீ எப்படி இந்த நேரத்துல?"

"அதைத்தான் நானும் உன்னைக் கேக்க வந்திருக்கேன்."

மகள் குடுவையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு அது மறைக்கிற பொருள் இல்லை என்று தோன்றியதோ என்னவோ, குளியலறைக்குப் போய்க் கொட்டிக் கழுவிவிட்டு வந்தாள். அதுவரை தாய் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாராவது சொன்னால்தான் நுழைய வேண்டும் என்பதும் பயிற்சி வகுப்புப் பாடம்தான்.

அவள் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் ஆள் இருக்காது. அந்தப் பிள்ளைகளின் வீடு தேடிப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டு, படிவத்தில் எழுதி, முடிந்தால் கையோடு பள்ளிக்கு அழைத்துவர வேண்டும். பதவிக்கு வருகைப் பணியாளர் என்று பெயர். வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. பள்ளிக்கூடத்தில் அவளை 'வருகை அம்மா' என்பார்கள். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் 'புள்ளபுடிக்கிறம்மா'. அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சிறுமிகள் போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். கால் தெரியும். அவளும் பார்க்காத மாதிரி படியேறுவாள்.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு கண் வந்திருந்தது. சீருடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள், இது பள்ளிக்கூடம் போகிற சட்டையா, போவதாகப் பேர் பண்ணுகிற சட்டையா என்று. போகிற சட்டையில் மை இருக்கும், கைமடிப்பில் அழுக்கு ஏறியிருக்கும், ஒரு பொத்தானாவது காணாமல்போயிருக்கும். ஆனால் அந்தக் கண் அடுத்தவர் வீட்டுச் சட்டைக்குத்தான் வேலை செய்தது. இரண்டு மாதமாகத் தன் மகளின் சீருடை கசங்காமல் இருப்பதைப் பார்த்து, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போனவள் அவள்.

அன்று காலை அலுவலகத்தில் பக்கத்துப் பகுதியின் பட்டியலையும் அவளிடம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். மகள் படிக்கும் பள்ளி அந்தப் பகுதியில்தான் இருந்தது. பதினேழு பெயர்கள். பதினொன்றாவது வரியில் தன் வீட்டுக் கதவு எண்ணைப் பார்த்தபோது, இது யாரோ தப்பாக எழுதியது என்றுதான் முதலில் நினைத்தாள். பத்தாம் வகுப்பு. வராத நாட்கள், முப்பத்தெட்டு. வீட்டுக்குச் சென்று விசாரித்தது, ஆம். காரணம், நாலு.

படிவத்தில் எட்டுக் காரணங்கள் அச்சாகியிருக்கும். எண்ணை மட்டும் எழுதினால் போதும். நாலு என்றால் உடல்நலக் குறைவு. எட்டு என்றால், வீட்டு வேலைக்காக நிறுத்தப்பட்டது. எட்டு எழுதினால் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், குற்றம் பெரியவர்கள் மேல் என்று ஆனால் பிள்ளைக்கு அத்தனை நாளுக்கும் விலக்குக் கொடுப்பார்கள். நாலு எழுதினால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாத 'நாலு', வருஷக் கடைசியில் பிள்ளையின் தலையில் விழும். நாற்பது நாளைத் தாண்டினால் பெயரை நீக்கிவிடுவார்கள், பொதுத்தேர்வு எழுத முடியாது. ஆக, பிள்ளைக்கு நல்லது செய்கிற ஒரே எண் எட்டு. பெரியவர்களுக்கு நல்லது செய்கிற எண் நாலு. ஆகையால் அந்த அலுவலகத்தில் எல்லோரும் நாலுதான் எழுதினார்கள். வருகை அம்மாவும்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முறை எட்டு எழுதி, அந்த வீட்டுத் தகப்பன் நடுத்தெருவில் நின்று கத்தி, மேற்பார்வையாளர் மூன்று பக்கம் விளக்கம் கேட்டபிறகு, அவளுக்கும் புத்தி வந்துவிட்டது.

பிரசவ விடுப்பில் இருந்தவளுக்கு அவள் போன் செய்தாள். மறுமுனையில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"நேர்ல போகலக்கா, போன்தான் பண்ணேன். அண்ணன் எடுத்தாங்க. பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னாங்க. உங்க வீடாச்சே, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டா சங்கடப்படுவீங்கன்னு நாலு போட்டுட்டேன். நாம எல்லாருக்கும் அப்படித்தானேக்கா போடுறோம்?"

அவள் போனை வைத்தாள். வண்டி பிடித்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள்.

வீடு என்பது ஒரு கூடம், ஒரு அறை, நடந்தால் தோள் இடிக்கும் சமையற்கட்டு. கூடத்தில் ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. வலப்பக்கம் அசையாது, பேச்சு குழறும், காது மட்டும் நன்றாகக் கேட்கும். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள எட்டு மணிக்கு ஒரு ஆயாம்மா வந்து ஐந்து மணிக்குப் போவாள் என்பது ஏற்பாடு. ஆயாம்மாவை அமர்த்தியதும் சம்பளம் கொடுப்பதும் கணவன் பொறுப்பு. காலையில் முன்னதாகக் கிளம்பி மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறவளுக்கு ஆயாம்மாவின் முகமே மறந்துவிட்டிருந்தது.

"ஆயாம்மா எங்க?"

"அவங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சும்மா. வரலன்னுட்டாங்க."

"எப்போ?"

"முப்பத்தெட்டு ஸ்கூல் நாளாச்சு." மகள் யோசிக்கவே இல்லை. அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பேசிக்கொண்டே மகள் தாத்தாவின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, ஒரே மூச்சில் அவரை இடப்பக்கம் திருப்பினாள். தலையணையைக் கால்களுக்கு நடுவில் வைத்தாள். முதுகுத்தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துப் பவுடர் தட்டினாள். ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் வேலை பார்த்தவள்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டாள். அதைப் பார்க்கப் பார்க்கத் தாய்க்குப் பெருமை வரவில்லை.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தை மடியில் விரித்தாள். கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தொடங்கினாள். மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பகல்ல வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

மகள் அறையின் திரைச்சீலையைப் பார்த்தாள். உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் குறட்டை கேட்டது.

கணவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவலாளி. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். இதற்குமேல் ஒரு ஆம்பிளையிடம் என்னத்தைக் கேட்பது என்று தெருவே அவனுக்குச் சான்று சொல்லும். கிடங்கிலும் பாதி ராத்திரி நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்வான் என்பதும் தெருவுக்குத் தெரியும். ஆனாலும் காலை ஏழரைக்கு வந்து படுத்தால் இரண்டு மணிவரை அந்தத் தூக்கத்துக்கு யாரும் குறுக்கே வரக் கூடாது. பாத்திரம் விழுந்தாலும் வீட்டுப் பெண்கள்தான் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள் தாய்.

"அப்பா ரெண்டு நாள் பாத்துக்கச் சொன்னாங்க. ரெண்டு நாள் ஆனதும் இன்னும் ரெண்டு நாள்னாங்க." மகள் குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொன்னா நீ வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடுவேன்னாங்க. அது எனக்கும் தெரியும். நீ அந்தப் பையை மாட்டிட்டுப் போறப்போ நல்லா இருப்பம்மா. அதான் பேசாம இருந்துட்டேன்."

அம்மாவின் வேலை போய்விடக் கூடாது என்று மகள் படிப்பை விட்டிருக்கிறாள். மகளின் படிப்புக்கு ஆகட்டும் என்று அம்மா வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் நடுவில் ஒருவன் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். அவள் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

ஒரு நிமிஷத்தில் புழுக்கம் தாங்காமல் கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். மனைவியைக் கண்டதும் பதறிப்போனான்.

"என்ன இந்நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கில்ல. உங்க பொண்ணுக்குத்தான் சரியில்லயாம். என்ன வியாதின்னு எழுதிட்டுப் போலாம்னு வந்தேன்."

மடியிலிருந்த படிவத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"வேற ஆள் கிடைக்கிற வரைக்கும்தான். நானும் சொல்லி வச்சிட்டுத்தான் இருக்கேன்."

"யார்கிட்ட? தலையணைகிட்டயா?"

"நான் ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு வரேன். பகல்ல கொஞ்சம் கண்ண மூடக் கூடாதா?"

"மூடுங்க. உங்க பையன் ஒருத்தன் இருக்கானே, அவன் ஒரு நாள், இவ ஒரு நாள்னு மாத்திக்கிட்டாங்களா?"

"அவனுக்குப் பன்னெண்டாவது. பரீட்சை வருஷம்."

"இவளுக்கும் பரீட்சை வருஷம்தான்."

"இவளோடது பத்தாவதுதானே. இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் எழுதிட்டுப் போறா."

"அவன் பத்தாவது படிக்கிறப்போ பக்கத்து வீட்ல டிவி சத்தமா வச்சாங்கன்னு சண்டைக்குப் போனீங்க. ஞாபகம் இருக்கா?"

அவன் பேச்சை மாற்றினான். "வெளியாள்னா அப்பாவுக்குக் கூச்சம். பாப்பான்னா அவருக்குச் சங்கடம் இல்ல."

"பாப்பாவுக்குப் பதினஞ்சு வயசு. அவளுக்குச் சங்கடமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பின்ன நானா செய்ய முடியும்? பெத்த அப்பனைப் போய் நான் எப்படி... எனக்குக் கையே வராது."

இதை அவன் வெட்கப்படாமல்தான் சொன்னான். மகனுக்குக் கை வராதாம், பேத்திக்கு வந்துவிடுமாம். பெண்ணாகப் பிறந்தால் அடுத்தவர் மலமூத்திரத்துக்குக் கூசாத கை தனியாகக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று அவன் மட்டுமா நம்புகிறான்? அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

"இங்க பாரு," கணவன் சமாதானத்துக்கு வந்தான். "எங்க கிடங்குக்கு வர்ற டாக்டர் எனக்கு நல்ல பழக்கம். மஞ்சக்காமாலைன்னு ஒரு சீட்டு வாங்கிடறேன். நாலாவே இருக்கட்டும். நாள் கணக்கு சரியாயிடும். யாருக்கும் தலைவலி இல்ல."

"சீட்டு வாங்கினா நாளைக்கு இவளை ஸ்கூலுக்கு அனுப்புவீங்களா?"

"ஆள் கிடைக்கட்டும்னு சொல்றேன்ல?"

அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். பேனாவைத் திறக்கக்கூட வேண்டாம், படிவத்தை மடித்துப் பையில் வைத்தால் போதும். அலுவலகத்தில் மானம் தப்பும், வீட்டில் சண்டை ஓயும். அப்போது அவளுக்கு ஒரு தையற்கடைக்காரர் வீட்டு ஞாபகம் வந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு மூன்று முறை இரக்கப்பட்டு நாலு எழுதினாள். மூன்று முறையும் அந்தப் பெண்ணே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நாலாவது முறை போக வேண்டியிருக்கவில்லை, பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இல்லாத பிள்ளையைத் தேடிப் போக யாருக்கும் சம்பளம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் போன் செய்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"என்னம்மா, உங்க வீட்டுப் பேரே லிஸ்ட்ல வந்திருக்காம்? எட்டு கிட்டுன்னு போட்டு வைக்காதீங்க. விசாரணைன்னா நான் மேல பதில் எழுதணும். உங்க வேலையைப் புதுப்பிக்கிற மாசம் வேற. நாலு போட்டு முடிங்கம்மா."

"சரி சார், பாத்துட்டுப் போடுறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். சத்தமாகப் பேசுகிறவர் அவர், கூடத்தில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"எட்டு போடாதம்மா," என்றாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது. "உன் வேலை போயிடும். அப்புறம் நீ வீட்ல இருப்ப, நான் ஸ்கூலுக்குப் போவேன். அதுக்கு நானே இருந்துட்டுப் போறேன்."

"உனக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"அதைத்தான் எழுதப்போறேன்."

நாலை அடித்துவிட்டு எட்டு எழுதினாள். கீழே, 'பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர்: தந்தை' என்றும் எழுதினாள். படிவத்தைக் கணவனிடம் நீட்டினாள். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் போட மாட்டேன். கட்டின புருஷனை ஆபீசுக்கு இழுக்கிறவளை இப்பதான் பாக்குறேன்."

பெற்றோர் மறுத்தால், வீட்டில் உள்ள வேறொரு பெரியவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. இனி பக்கத்து வீட்டைத்தான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கதை போய்விடும் என்று அவள் தயங்கினாள். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமனார் இடக்கையைத் தூக்கியிருந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து மகள் டம்ளரை எடுத்தாள். அவர் தலையை ஆட்டினார். பேனாவைக் காட்டினார்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க," என்றான் கணவன்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு வருஷமாக எழுதாத கை, அதுவும் இடக்கை. மகள் படிவத்துக்கு அட்டையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். கோழி கிளறியதுபோல் ஒரு கோடு இரண்டு வரிகளைத் தாண்டி விழுந்தது. கோடு போட்டு முடித்ததும் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பேத்தி தன்னைத் துடைக்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் திருப்பிக்கொள்வார். அவருக்குக் கூச்சம் இல்லை என்று அவர் மகன்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், அதில் ஒருவர் பெண்மணி. கணவனைப் பார்த்து, "நைட் டியூட்டி ரொம்பக் கஷ்டம்தான் சார்" என்று ஆரம்பித்தார்கள். மனைவியைப் பார்த்து, "ஏம்மா, நீங்க இந்தத் திட்டத்துலயே வேலை பாக்குறீங்க. பெத்த பொண்ணு ஸ்கூலுக்குப் போகுதா இல்லையான்னு ரெண்டு மாசமா தெரியாதா?" என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. அவள் தலைகுனிந்து, "தப்புதான்" என்றாள். கணவனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பெண்ணுக்கு முப்பத்தெட்டு நாளுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். பகலில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு பெரியவர் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்மணி, தாயின் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

"என் பேரை எழுதாதீங்கம்மா," என்றாள் அவள். "நான் பகல்ல வீட்ல இருக்கிறதில்ல. இருக்கிறவர் பக்கத்துல உக்காந்திருக்கார்."

மூன்று பேரும் கணவனைப் பார்த்தார்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்குக் கை வராது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டான்.

முதல் நாள் பதினொரு முறை போன் செய்தான். குடுவை எங்கே, எந்தப் பக்கம் திருப்புவது, கஞ்சி தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது. பள்ளியில் இருந்த மகளுக்குப் போன் போகவில்லை, எல்லாம் வருகை அம்மாவுக்குத்தான் வந்தது. அடுத்தவர் வீட்டு மாடிப்படியில் நின்றபடி, ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாம் நாள் ஏழு முறை. ஒரு வாரத்தில் கை வந்துவிட்டது. காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் மனைவி வந்தபிறகு இரண்டு மணி நேரமும் தூங்கப் பழகினான். அதனால் உயிர் ஒன்றும் போய்விடவில்லை. மகள் முன்வரிசைப் பெஞ்சிலிருந்து பின்வரிசைக்கு மாற்றப்பட்டிருந்தாள், ஆனால் பெஞ்சில் இருந்தாள்.

ஆனால் தெருவுக்கு இது பெரிய அதிசயமாகிவிட்டது. முப்பத்தெட்டு நாள் அந்த ஜன்னல் வழியாக ஒரு பெண்பிள்ளை குனிந்து நிமிர்வதைப் பார்த்தவர்கள்தான். ஒருவரும் நின்று கேட்டதில்லை. இப்போது ஜன்னலில் ஆம்பிளை முதுகு தெரிந்ததும் நின்று பார்த்தார்கள். "பெத்த அப்பனைக் குழந்தை மாதிரி பாத்துக்கிறாரு", "கொடுத்துவச்ச பொண்டாட்டி" என்று வாயோயாமல் பேசினார்கள். பேச்சு பள்ளிக்கூடம்வரை போனது. மாதாந்திரப் பெற்றோர் கூட்டத்தில் அவனுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பது என்று தலைமையாசிரியர் தீர்மானித்துவிட்டார்.

கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. கைதட்ட ஆள் வேண்டும் என்று பத்தாம் வகுப்பைக் கொண்டுவந்து பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது வருகைப் பணியாளர் வேலை. அவள் மேடையோரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் வேலையைப் புதுப்பிக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை. 'பரிசீலனையில் இருக்கிறது' என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மகனைப் பாக்க முடியுமா?" தலைமையாசிரியர் ஒலிபெருக்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி வேலை, பகல்ல தகப்பனுக்குச் சேவை. பதினாறு நாளா பொண்ணோட படிப்புக்காகத் தன் தூக்கத்தையே தியாகம் பண்ணியிருக்கார்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. தகப்பனிடம் பக்கத்து வீட்டுக்காரரை உட்காரவைத்துவிட்டு வந்திருந்த கணவன், மேடையேறிச் சான்றிதழை வாங்கினான். அவனுக்கு உள்ளுக்குள் என்னமோ உறுத்தியது, முகத்தில் அது தெரிந்தது. ஆனாலும் போட்டோ எடுக்கும்போது நேராகத்தான் நின்றான்.

பின்வரிசையில் மகள் எழுந்தாள்.

"சார், ஒரு கேள்வி."

"அப்பாவைப் பத்திப் பேசப்போறியா? பேசும்மா, பேசு. எல்லாரும் கேளுங்க."

"அப்பா பதினாறு நாள் தாத்தாவைப் பாத்தாங்க. அதுக்குப் பேரு சேவைன்னு சொன்னீங்க. நான் முப்பத்தெட்டு நாள் பாத்தேன். அதே தாத்தாவைத்தான் சார். அதுக்கு ரிஜிஸ்டர்ல என்ன பேரு போட்டிருக்கீங்க?"

எங்கோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தலைமையாசிரியர் வகுப்பாசிரியையைப் பார்த்தார். வகுப்பாசிரியை தரையைப் பார்த்தாள்.

"அது வந்தும்மா... ஆப்சென்ட்தான். அதான் விலக்குக் கொடுத்தாச்சே?"

"தப்புப் பண்ணவங்களுக்குத்தானே சார் விலக்குக் கொடுப்பாங்க? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"உக்காரும்மா, நேரமாகுது. அடுத்து, குடிதண்ணிக் குழாய் சம்பந்தமா..."

மகள் உட்கார்ந்தாள். குழாயைப் பற்றிப் பேச்சு நடந்தது. வருகை அம்மா குழாயைப் பற்றி எழுதவில்லை. மகள் கேட்டதை, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட நோட்டை வாங்கினார். அந்தப் பக்கத்தில் அவர் கண் நின்றுவிட்டது.

"இதையெல்லாம் ஏம்மா எழுதறீங்க? சின்னப் பொண்ணு ஏதோ கேட்டுது. அடிச்சிடுங்க."

"நடந்ததைத்தான் சார் எழுதினேன். நடக்கலன்னா நீங்களே அடிச்சிட்டு, பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். வாசலில் கணவன் சான்றிதழைச் சுருட்டுவதா, நேராகப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றான். வழியில் போகிறவர்கள் அவனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். மகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். கணக்குப் பாடம் ஏழாம் அத்தியாயம் நடந்துகொண்டிருந்தது. அவள் இல்லாதபோது நடத்திய நான்கு அத்தியாயங்களை யாரும் அவளுக்காகத் திரும்ப நடத்தப்போவதில்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டை மூன்று நாளைக்குக் கடன் கேட்டு வாங்கியிருந்தாள். அதில் இன்றுதான் கடைசி நாள்.